மனு

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்.
உசிலம்பட்டியில் ஏறினால் செக்கானூரணியில் விடியும்.
அரப்பாளையத்தில் இறங்கி
கரிமேட்டு மீன்வாடையைத் தாண்டி
புது ஜெயில் ரோட்டுக்கு நடப்பேன்.
பையில் ரொட்டி, சோப்பு, ஏழு கொய்யாப்பழம்.
வார்டன் கம்பியால் குத்திப் பார்ப்பார்.
ஏழு கொய்யாவுக்கும் ஏழு ஓட்டை.

வரப்புத் தகராறில் ஒச்சப்பன்
மண்வெட்டிக் காம்பால் ஒரே அடிதான் அடித்தது.
அந்த ஒரு அடிக்கு ஆயுள்.

முதல் நாள் மனு எழுதத் தெரியாமல் நின்றேன்.
எழுத்து தெரியும். கைதான் நடுங்கியது.
வேப்பமரத்தடியில் குந்தியிருந்த ஆள்
தாளை வாங்கித் தொடையில் வைத்து எழுதினார்.
கைதி பெயர். தகப்பன் பெயர். நம்பர்.
பார்க்க வந்தவர்: சீனியம்மாள்.
உறவு?
மனைவி என்றேன்.
எழுதிவிட்டுப் பேனா மூடியைப் பல்லால் கடித்தார்.

பெயர் சேசுராஜ். வாடிப்பட்டியில் தேங்காய் லோடு.
அவர் சம்சாரம் பக்கத்துப் பெண்கள் ஜெயிலில்.
மூணாவது மாசம்தான் கேட்டேன், என்ன கேஸ் என்று.
'என் அண்ணனை வெட்டிட்டா' என்றார்.
டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு,
'நான் செஞ்சிருக்கணும். நான் லோடு போயிருந்தேன்.'

அதற்கப்புறம் கை நடுங்கவில்லை.
ஆனாலும் மனுவை நான் எழுதவில்லை.

உள்ளே இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துவோம்.
ரெண்டு வலைக்கும் நடுவே ஒரு முழ இருட்டு.
'மோட்டார் ஓடுதா?' என்பது அவர் குரல்.
'பாப்பாவுக்கு அம்மை இறங்கிருச்சு' என்பேன்.
யாருடைய பாப்பாவுக்கோ என்று
பக்கத்து வலைக்காரன் தலையாட்டுவான்.

வெளியே வந்தால் மரத்தடியில்
ஒரு டீயை ரெண்டு டம்ளரில் ஆற்றிக்கொண்டிருப்பார்.
தொட்டதில்லை.
ஒரு ஐப்பசி மழையில் தேங்காய் சாக்கை
இருவர் தலைக்கும் பிடித்தார். அவ்வளவுதான்.
சாக்கின் நார் ரெண்டு நாள்
என் கொண்டையில் இருந்தது.
நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்திரிகளில்
சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பேன்.
யாருக்காக என்று
அந்தச் சேலையைக் கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

விடுதலை லிஸ்டில் ஒச்சப்பன் பெயர் வந்தது.
வார்டன் சொன்ன அன்றைக்கு அழுதேன்.
நல்ல சேதிக்கு அழுகிறாள் என்று
டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை.
சேசுராஜ் லுங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.
'இனிமே இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை' என்றார்.
அது வாழ்த்தா, கேள்வியா என்று
இன்னும் தெரியவில்லை.

கதவு திறந்தது. ஒச்சப்பன்
போட்டுப்போன சட்டையோடே வந்தார்.
தோள் தொளதொளத்தது.
பெண்கள் ஜெயில் வரிசையில் நின்ற ஒரு ஆள்
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்தேன்.
காளவாசல் தாண்டும் வரை கடைகளையே பார்த்தார்.
நாகமலைப் புதுக்கோட்டையில்
வெளியே பார்த்தபடியே சொன்னார்:
'மனுத் தாளைக் காட்டித்தான் உள்ள கூப்பிடுவாங்க.
நாலு வருசமா அது ஒங் கையெழுத்து இல்ல.'

கண்டக்டர் வந்தார்.
நான் சில்லறை தேடினேன், ரொம்ப நேரம்.

'குண்டு குண்டா, அழகா எழுதுவான்' என்றார்.
'சொக்கத்தங்கம் மாதிரி.
அவன் சம்சாரத்துக்கு இன்னும் எத்தனை வருசம்?'

ஏழு, என்றேன்.

அப்புறம் செக்கானூரணி வந்தது.
எங்களுக்கு முன்னால் ஒரு தேங்காய் லோடு வண்டி
வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது.
டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.
ஒச்சப்பன் என் மடியிலிருந்த பையைத் திறந்து
ஓட்டை விழாத ஒரு கொய்யாவை எடுத்தார்.
பாதியைக் கடித்துவிட்டு
மீதியை என் பக்கம் நீட்டியபடியே இருந்தார்.