இணைப்புச் சோதனை

மைலோ டின் அளவுதான் பெட்டி.
வருடக் கடைசியில் செயற்கைக்கோளோடு மேலே போகும்.
இன்றைக்கு பாயான் லெப்பாஸ் மொட்டைமாடியிலிருந்து
பிறை வரைக்கும்தான்.
அக்கரையில் கொக் வேய் கண்ணாடியை
மயிரிழை திருப்புகிறான்.
லேசர் வந்துவிட்டதாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி.
அதன் அடியில் மீன்படகு ஒன்று
வலையை இழுத்துக்கொண்டு போனது.

பதினொன்று இருபதுக்குப் பிழைகள் ஏறின.
நூறு.
நாலாயிரம்.
குறி விலகியதா, திருகு தளர்ந்ததா?
ஃபௌசியா ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள்.
எதுவும் அசையவில்லை.

நீரிணை நடுவே மழை.
எங்கள் மாடியில் இன்னும் ஒரு சொட்டு இல்லை,
நிலாகூட இருக்கிறது.

"ஒளி துண்டிப்பு, 11:26" என்று பதிந்தேன்.
பிறகு வீட்டுக்கு ஒரு வரி:
கொடியில் துணி கிடக்கு, எடுத்துடு.