பத்து நிமிட விதி

காலை ஒன்பது நாற்பதுக்கு அவரைச் சாகடித்தோம்:
மேடை நடிகை பெர்னதெத் செபமாலை, கொட்டாஞ்சேனை.
இறந்தது வத்தளையில் வேறொரு பெர்னதெத்,
சட்டை தைப்பவர்.

பிழை தெரிந்தால் பத்து நிமிடம்;
திருத்தம் அடியில் அல்ல, தலையில்.
கலைச்செய்திப் பிரிவின் சுவரில்
நாங்களே ஒட்டிய விதி.

வெள்ளவத்தையில் ரயில் கடக்கும்வரை
போனைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
"மன்னியுங்கோ அம்மா, இப்பவே மாத்துறன்."

"அவசரப்படாதேங்கோ தம்பி.
பதினொரு வருசம் எடுக்காத சனமெல்லாம்
எடுத்து அழுகுது.
நானே வேற ஆள் மாதிரி
ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறன்.
டொரன்டோவில இன்னும் விடியேல்லை.
மகன் எழும்பிப் பார்க்கட்டும்."

ஒன்பதாவது நிமிடம்
பிளேன்டீ ஆறியது.

பத்தாவதில் அவருக்கு உயிர் கொடுத்தேன்,
தலையில், தடித்த எழுத்தில், வருத்தத்துடன்.

மகனுக்கு விடிந்தபோது
ஒன்றும் நடந்திருக்கவில்லை.