வாசலுக்கு முதுகு

லா பாஸ். ஆவணக் காப்பகத்தின் நிலவறை.
விளக்கு மூன்று முறை இமைத்துவிட்டுத்தான் எரியும்.
பெட்டி எண் பதினேழின் மூடியில்
எனக்கு முந்தியவர் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
அதிபர் மாளிகை, முகப்பு. மற்றும் பல.
மற்றும் பல என்றால் ஆட்கள்.

தூணின் கல் எந்த மலையில் வெட்டியது
என்பதற்குக்கூடக் குறிப்பு உண்டு.
இரு பக்கமும் சிவப்புச் சட்டையில் நிற்பவர்களுக்கு
(சிவப்பு என்பது நான் அறிந்தது. படத்தில் அது
நனைந்த சாம்பல்)
ஒரு வரி இல்லை.

உருப்பெருக்கியோடு
பொத்தான் பொத்தானாக ஊர்கிறேன்.
தோள்பட்டையில் புறா எச்சம் விழுந்தும்
அசையாத ஒருவன்.
கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் புடைத்த ஒருவன்,
கோகா இலையை அதக்கியிருக்கிறான்,
மேலதிகாரி பார்க்காத பக்கமாக.
இன்னொருவனின் மூச்சு
குளிரில் வெள்ளையாய் உறைந்து
அவன் வாயை மட்டும் அழித்துவிட்டது.

பிறகு அந்த பூட்ஸ்.
இடது காலில், பெருவிரலுக்கு மேல் ஒரு கிழிசல்,
மீன்முள்போல் ஐந்து தையல்.
ஒரு மார்ச் மாதத்தில் ஒல்லியானவன் காலில்.
மறு வருடம் மீசைக்காரன் காலில்.
அதற்கும் அடுத்து ஒரு பையன் காலில்,
பாதம் உள்ளே நீந்துவது
நிற்கும் விதத்திலேயே தெரிகிறது.
ஆட்கள் மாறினார்கள்,
அதிபர்கள் அதைவிட வேகமாக மாறினார்கள்,
பணியில் நீடித்தது அந்த ஒரு ஜோடிதான்.
அதற்கு ஒரு பதிவு அட்டை போட்டேன்.
"காலணிக்கெல்லாம் அட்டை கிடையாது" என்று
தோன்யா ஹசிந்தா கிழித்துப் போட்டார்.

களத்தில் முதுகு காட்டினால் இழிவு.
இந்த வாசலில் முதுகு காட்டுவதுதான் வேலை.
கதவுக்கு முதுகு, சதுக்கத்துக்கு முகம்.
நூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் அப்படித்தான்,
நாற்பத்தொன்றைத் தவிர.
அதை நான் 'பின்புறத் தோற்றம்' என்று பதிந்திருந்தேன்.
பழுது எதையும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை எல் ஆல்ட்டோவிலிருந்து
ரொட்டி விற்கும் ஒருத்தி வந்தாள்,
சட்டைக் கையில் மாவு.
அப்பா பெயர் ஃபெர்மின் சம்பில்யா,
இரண்டு வருடம் அங்கே நின்றார், என்றாள்.
முகத்தைத் தேடவில்லை அவள்.
காதைத் தேடினாள்.
வலது காது, மடித்த காகிதத்தின் மூலைபோல்.
படங்களைச் சீட்டுக்கட்டாய் நகர்த்தினாள்,
பூட்ஸில் நீந்திய பையனிடம்
ஒரு விரல் நின்றது, நகர்ந்தது,
நாற்பத்தொன்றில் மறுபடி நின்றது.

"இவர் ஏன் கதவைப் பார்த்து நிற்கிறார்?"

நானும் அப்போதுதான் பார்த்தேன்.
அதே படிகள், அதே துப்பாக்கி,
அதே இடைவெளியில் ஆறு பேர்,
பன்னிரண்டு குதிகால்கள் சதுக்கத்தைப் பார்த்து.
மாடி ஜன்னலில் திரை
ஒரு கை அகலம் விலகியிருக்கிறது.
அந்த இருட்டில் இருப்பது
உள்ளே இருந்தவரா, நெகட்டிவின் கறையா,
சொல்ல முடியாது.

"திரும்பு என்றார்கள், திரும்பினோம்.
இதைத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.
வேறு ஒன்றும் சொன்னதில்லை.
நாங்கள் அணிவகுப்பு என்று நினைத்தோம்."

முன்பு எழுதிய அட்டைகளை எடுத்தேன்.
காவல், காவல், காவல்.
நாற்பத்தொன்றின் அட்டையில் 'பின்புறத் தோற்றம்' என்பதை
அடித்துவிட்டு யோசித்தேன்.
அதே சொல்தான் வந்தது.
அதே கையெழுத்தில், ஒரு எழுத்தும் மாறாமல்.

பிரதி ஒன்றுக்குப் பன்னிரண்டு பொலிவியானோ.
முகம் தெரியும் படத்தைத்தான் கேட்பாள் என்று
உறைக்குள் போட்டுவிட்டேன்.
அவள் வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.
"முகம் எங்கள் வீட்டில் இருக்கிறது.
அதைக் கொடுங்கள்."
சில்லறையாக எண்ணினாள்,
ஒன்று குறைந்தது, நான் கேட்கவில்லை.

அவள் போனபின் குனிந்து பார்த்தேன்.
முன்பக்கத் தையல் இதில் தெரியாது.
குதிகால் தெரிகிறது.
இடது பூட்ஸ், வெளிப்பக்கமாக,
அரை விரல் தேய்ந்திருக்கிறது,
அதில் நின்ற எல்லோராலும்.