கண்ணாடிக் கூட்டுக்குள் தண்ணீர்

கழுவுவது பெரிய வேலையில்லை.
குழாயைத் திருப்பினால் தண்ணீரே கழுவிவிடும்.
அதற்குப் பிறகுதான் என் வேலை.

கறுப்பு வண்டி. பின்பக்கம் நீளம்.
இருக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில்
உருளைகள் பதித்த ஒரு தளம்.
லியெபாயா நகரத்தில் இதில் ஏறுகிற யாரிடமும்
பெல்ட் போடச் சொல்ல வேண்டியதில்லை.

கூரையை, கதவுகளை, மூக்கை
பெரிய துண்டால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம்.
பார்க்கிறவர்கள் முடிந்தது என்பார்கள்.
கைப்பிடிக் குழிக்குள் இன்னும் ஒரு மடக்கு இருக்கிறது.
டீசல் மூடியின் கீலில்,
பின்விளக்கின் விளிம்பில்,
எண் பலகையின் முதுகில்,
வண்டியின் பெயரைச் சொல்லும்
வெள்ளி எழுத்துகளின் வயிற்றில்.
கதவு ரப்பரின் உதடுகளுக்குள்
பிள்ளை வாயில் அடக்கிய கசப்பு மருந்தாய்
விழுங்காமல் துப்பாமல் காத்திருக்கிறது.

முதலாளி ஸ்கைத்ரீதே அதிகம் பேசமாட்டார்.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னது இவ்வளவுதான்:
"அழ வந்தவர்கள் முன்னால்
வண்டி அழக்கூடாது."

அதனால் ஊதுகிறேன்.
கல்லறைத் தோட்டத்துக் குவிதோவிடம்
சருகு விரட்டும் இயந்திரத்தை இரவல் வாங்கி
மூக்கை இடுக்கில் வைத்து அழுத்தினால்
ஒளிந்திருந்ததெல்லாம் பதறி ஓடிவருகிறது,
போலீஸ் நுழைந்த சீட்டாட்டக் கூடம் மாதிரி.
பிறகு முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டி
சட்டென்று பிரேக் போடுவேன்
(காலியாக இருக்கும்போது மட்டும்).
எங்கிருந்தோ இன்னும் ஒரு கோடு இறங்கும்.
துண்டின் முனையைத் திரியாய்த் திரித்து
காது குடைவதுபோல் குடைவேன்.

போன நவம்பர். மழையில்லாத அபூர்வ நாள்.
டிராம் ஓட்டுநர் ஐனார்ஸை ஏற்றிப் போனோம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன்.
சிற்றாலய வாசலில் எல்லோரும் தொப்பியைக் கழற்றியபோது
என் பக்கத்துக் கண்ணாடியின் அடியில்
ஒரு துளி திரண்டது.
கதவின் கறுப்பில் நேராக இறங்கியது.
இன்னொன்று.
காலணிக்குள் என் விரல்கள் சுருண்டன.
ஸ்கைத்ரீதே என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காத அந்த விதத்தில் எல்லாம் இருந்தது.

ஐனார்ஸின் மனைவி தைக்னா
ஆறு வெள்ளைச் சாமந்திகளோடு வந்தார்.
(இங்கே சாவுக்கு இரட்டைப்படைதான் கணக்கு.)
பூக்களை என் கையில் கொடுத்தார்.
கையுறையைக் கழற்றினார்.
கண்ணாடியை உள்ளே மடக்கி
அதன் முதுகில் உள்ளங்கையால்
இரண்டு அடி.
சொட்டவில்லை, கொட்டியது.
ஒரு தேக்கரண்டி இருக்கும்.
கோட்டுக் கையால் கதவை
மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.
"இந்த இடத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள்"
என்றார், மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல்.
பூக்களை வாங்கிக்கொண்டு
பெட்டிக்குப் பின்னால் நடந்தார்.

அவர் அழுதாரா, நான் பார்க்கவில்லை.
குழிக்கரையில் மண் போடக் கை நீட்டியபோது
கோட்டின் முழங்கையில் ஈரம் தெரிந்தது.
அது என் தண்ணீர்.

"டிராம் பணிமனையில் இருபத்தாறு வருஷம்
வண்டி கழுவினவள்" என்றான் குவிதோ
மாலையில் இயந்திரத்தைத் திரும்பக் கேட்டு வந்தபோது.
பெட்ரோலை ஏன் காலி செய்தாய் என்றும் கேட்டான்.

அன்றிலிருந்து மடக்குகிறேன். இரண்டு அடி.
ஒரு தேக்கரண்டி.
நேற்றும் ஊதி, சுற்றி, குடைந்து, அடித்து,
கொட்டகையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன்.
இரவில் மைனஸ் எட்டு.

காலையில் திறந்தால்
பின்கதவுக் கீலுக்குக் கீழே
நகத்தளவு ஒரு பனிக்குச்சி.
அது ஒளிந்திருந்த இடம்
எனக்கு இன்னும் தெரியாது.
உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன்.
லேசாக சோப்பு ருசித்தது.