ஆறப் பொறுத்தல்

பின் சரக்கறைச் சுவரில் திருகி வைத்த
செருப்புப் பெட்டி அளவு உலோகம்.
கையேட்டில் அதற்கு மூச்சுமுட்டும் பெயர்.
நான் கிராணி என்பேன்.
ஆளைப் பார்த்தல்ல,
கணக்கைப் பார்த்துப் பேர் வெட்டுகிற கிராணி.

பாயான் லெப்பாஸ், ஒன்று பத்து.
கோத்தா கினபாலுவிலிருந்து தாமதமாய் வந்தது
மழையில் நனைந்து நிற்கிறது.
பதிவேட்டில் கேப்டன் ஊய் எழுதியிருந்தார்:
துணை எஞ்சின் தானே அணைந்தது.
மறுபடி முயன்றேன்.
தானே அணைந்தது.

வாலுக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் அது.
பறக்கத் தள்ளாது.
விளக்குக்கு, குளிர்காற்றுக்கு,
இறக்கையில் தூங்கும் பெரியவர்களை
ஊதி எழுப்புவதற்கு.

ஏணி போட்டு ஏறினோம்.
ஹஃபிஸ் டார்ச் பிடித்தான், கொட்டாவி விட்டான்.
வெப்பம் அளக்கும் கம்பியின் முனையில்
பச்சை பூத்திருந்தது, கடல் உப்பு.
நெருப்பே இல்லை. நெருப்பு என்று கம்பி சொன்னது,
கிராணி நம்பிற்று.
பொய்ச் செய்திக்கும் மெய்ச் செய்திக்கும்
அதனிடம் ஒரே பதில்.

மாற்றிவிட்டு விமானி அறைக்கு வந்தேன்.
மாஸ்டர் சுவிட்ச்.
முதலில் அது தன்னையே சோதித்துக்கொள்ளும்.
பிறகு அடிவாலில் மடல் திறக்கும்;
முழுதாய்த் திறந்ததென்று தெரியாமல்
ஓர் அடி நகராது.
ஸ்டார்ட்.
பேட்டரி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்ற
எட்டு, பதினான்கு,
பொறி, எண்ணெய், வயிற்றுக்குள் உறுமல்,
ஐம்பதைத் தாண்டியதும்
கைப்பிடித்து வந்த மோட்டாரைக் கழற்றிவிட்டது,
இனி நீயே நட என்று.
தொண்ணூற்றைந்தில் பச்சை விளக்கு.

குளிர்காற்றைத் திறந்தேன். பாரம் ஏறியது.
வேகம் மாறவில்லை.
சொட்டு எண்ணெய் கூட்டி
வெப்பத்தை ஒரு கண்ணால் பார்த்து
அதே சுழற்சியில் பிடித்து வைத்திருக்கிறது.
பொறாமையாய் இருந்தது.

என் கைப்பேசியில்
தயாளனுக்கு எழுதி அனுப்பாத ஒன்பது வரி.
என்னைக் கேட்காமலே சிங்கப்பூர் வேலைக்குக்
கையெழுத்துப் போட்டுவிட்டு
இரவு பத்து மணிக்கு, நான் பூட்ஸ் மாட்டும்போது,
"அப்புறம் ஒரு விஷயம்" என்கிறார்.
அப்புறமாம்.

சோதனை முடிந்தது. அணைத்தேன்.
அணை என்றால் உடனே அணையாது இது.
காற்றைக் கொடுத்துக் களைத்த சக்கரத்தை
சும்மா சுழலவிட்டு ஆற வைக்கும்.
அதன் பிறகுதான் எண்ணெயை நிறுத்தும்,
சுற்று இறங்கும், மடல் மூடும்.
மூடும்வரை பேட்டரியைத் தொடக்கூடாது.
போன மாதம் யாரோ ஓர் அவசரக்காரர்
வீட்டுக்குப் போகிற வேகத்தில் தொட்டுவிட்டார்.
மடல் பாதியில் நின்றது.
விடிந்து கிளப்பியபோது கேபின் நிறையப் புகை,
பதினேழாம் வரிசையில் ஒரு குழந்தை இருமியது.

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு
ஆறப் பொறுப்பதுதான் முடிவதில்லை.

ஆகவே உட்கார்ந்திருந்தேன்,
கேப்டனின் இருக்கையில், கை மடியில்.
கண்ணாடிக்கு அப்பால்
பத்து மாவுங் பக்கம் ஒரு மீன்படகின் விளக்கு.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
புக்கிட் மெர்தாஜாமில்
அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.
ஒன்பது வரியைப் படித்தேன்.
மறுபடியும் படித்தேன்.
எண் இறங்கிக்கொண்டே வந்தது,
நாற்பது, இருபத்திரண்டு, ஏழு.
பின்னால் எங்கோ
மடல் மூடியதைச் சொன்னது திரை.

ஒரே ஒரு சொல்லை எடுத்தேன்.
அவருடைய அம்மாவைப் பற்றியது.
மீதி எட்டரை வரியும்
நியாயமாகத்தான் இருந்தன.
அனுப்பினேன்.

பிறகு பேட்டரி.
இருட்டு.
"ஹபிஸ்கா, காக்?" என்றான்
ஏணியடியிலிருந்து ஹஃபிஸ்,
முடிந்ததா என்று.
தெரியாதுடா, கம்பி புதுசு,
நாளைக்குக் காலையில் கிளப்பினால் தெரியும்
என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு
படி இறங்கினேன்.