தொங்கும் முனை

நிபோங் தெபால். வியாழன், இரண்டு மணி ஆய்வகம்.
குளிர்சாதனம் வழக்கம்போல் மூன்றாம் மேசைக்கு மட்டும்.
பலகையில் எழுதுகிறேன்:
இரண்டிலும் ஒன்று வந்தால்தான் ஒன்று.
நான்கே வரி அட்டவணை.
நாற்பது தலைகளும் ஆடுகின்றன.

லோகஷாயினியின் விளக்கு மட்டும்
எரிகிறது, அணைகிறது, எரிகிறது.
"சிப் கெட்டுப்போச்சு, டாக்டர்."
மாற்றுகிறாள். இன்னொன்று. அதுவும் அப்படியே.
ஃபிர்டாவுஸ் கையை நீட்டினால் எரிகிறது,
எடுத்தால் அணைகிறது.
"அதுக்கு உன்னைப் பிடிச்சிருக்குடா!"
பின்வரிசையில் சிரிப்பு.

குனிந்து பார்க்கிறேன்.
ஐந்தாம் கால் எதிலும் சேராமல் நிற்கிறது.
"அதுக்குத்தான் ஒன்னும் கொடுக்கலையே,
அப்போ பூஜ்ஜியம்தானே?"

இல்லையம்மா.
பூஜ்ஜியமும் ஒரு பதில்.
தரையோடு கட்டித்தான் அதைச் சொல்ல முடியும்.
சொல்லாமல் விட்ட முனை
அக்கம்பக்கத்தில் நடப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும்:
குழல்விளக்கின் முனகலை,
ஒரு கையின் ஈரத்தை,
யார் எப்போது நகர்ந்தார் என்பதை.

பத்தாயிரம் ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.
தேடி எடுத்துச் செருகினாள்.
விளக்கு அணைந்தது,
ஃபிர்டாவுஸ் இரண்டு கையையும் ஆட்டியும்
அணைந்தே இருந்தது.

மாலை. இரண்டாம் பாலத்தில் வண்டிகள் ஊர்கின்றன.
கைப்பேசியில் பாயான் லெப்பாஸ் கம்பெனியின் கடிதம்,
பதினோரு நாளாக:
வேலையில் சேர்கிறீர்களா, மேடம்?
இன்னும் ஒரு எழுத்தும் தட்டவில்லை.

டோல் தாண்டியபோது
பின்னால் வந்த லாரியின் ஹாரனில்
சரி என்று கேட்டது.
நடுக்கடலில், மழை தொடங்கியதும்,
வேண்டாம் என்று.