தெரியாது என்று சொல்லப் பழகுதல்

சம்மன் வந்தபோது
பொம்மை முதலையின் வாலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.
கையெழுத்து வாங்கிய ஆள்
தாளில் ஒட்டிய என் கட்டைவிரலைப் பிரித்துவிட்டு
"நல்ல நாளாக இருக்கட்டும்" என்றான்.

டுலூத்தில் அக்டோபர்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பலுக்காகப் பாலம் தூக்கி நின்றது,
காரில் காத்திருந்தேன்.
பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தவள்.
நாற்காலியில் உட்கார்ந்து
சத்தியம் செய்து பேசியதில்லை.

அன்றிரவு முப்பத்தொரு சந்திப்புகளின் குறிப்பையும் வாசித்தேன்.
பிப்ரவரியில் ஒரு வரி, என் கையெழுத்தில்:
"வெளிப்படையாகவே அப்பாவிடம் பயம்."
யாருக்கு வெளிப்படை?
பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன்.
அடித்துத் திருத்தினால்
அது வேறு வழக்கு.

சிக்னெ ரௌதியோ இருமுறை கூண்டேறியவள்.
முதல் முறை
நீதிமன்றக் கழிப்பறையில் வாந்தி எடுத்தவள்.
புகையிட்ட மீன் விற்கும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி,
வாயில் மீனோடு, வக்கீலாக மாறினாள்.
"ஆமாவா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"
"அது அவ்வளவு எளி..."
"கேட்டது அதுவா?"
நான் அழுதேன். அவள் நிறுத்தவில்லை.
ஏழாவது சுற்றில்
என் வாயிலிருந்து முதன்முறையாக
முழுசாக வந்தது ஒரு சொல்: தெரியாது.
"இன்னொரு தடவை," என்றாள்,
"மன்னிப்புக் கேட்காமல்."

ஓரினிடம் சொல்லியாக வேண்டும்.
ஏழு வயது. சுற்றி வளைத்தால் பிடிக்காது.
"ஒரு நீதிபதி முன்னால் என்னிடம் கேள்வி கேட்பார்கள்.
நான் பொய் சொல்ல முடியாது."
"முதலையைப் பத்தியுமா?"
"கேட்டால்."
கொஞ்ச நேரம் மணலைக் கிளறினான்.
பிறகு முதலையைத் தரையில் வைத்து
மேலே சிவப்பு வாளியைக் கவிழ்த்தான்.
உள்ளே எதையோ சொருகிய மாதிரி இருந்தது.
"இப்ப நீ பாக்கலை," என்றான்.

நடைக்கூடத்தின் இந்த முனையில் அம்மா,
அந்த முனையில் அப்பா.
இருவருமே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
வக்கீலைவிட
அந்த இரண்டு சிரிப்புக்கும் நடுவே நடப்பதுதான்
பெரும்பாடு.

வக்கீல் ப்ளெட்ஸோ மென்மையாகத்தான் கேட்டார்.
"பையன் யாரோடு வளர வேண்டும், மிஸ் ஹௌக்ஸ்டாட்?"
"அதை மதிப்பிட என்னை யாரும் நியமிக்கவில்லை.
நான் அவனுடைய தெரபிஸ்ட்."
"முப்பத்தொரு மணி நேரம் கழித்துமா தெரியாது?"
"தெரியாது."
சுருக்கெழுத்துப் பெண் அதையும் தட்டினாள்,
மற்றச் சொற்களுக்குத் தட்டிய அதே சத்தத்தில்.
கூரை இடியவில்லை.

பிறகு பிப்ரவரி வரி வந்தது.
உரக்க வாசித்தார்.
என் காதே எனக்குச் சுட்டது.
"எழுதியது நீங்கள்தானே?"
"நான்தான். அந்தச் சொல் தப்பு.
அன்று நான் பார்த்தது இவ்வளவு:
வெளியே ஒரு கார் நின்றது.
ஓரின் மேசைக்கடியில் போனான்.
ஒன்பது நிமிடம் வெளியே வரவில்லை.
காரில் யார் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை."
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது எதற்கென்றும் எனக்குத் தெரியாது.

தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள்.
வந்தது, முதல் பனிக்குப் பிறகு.
அது ஓரினுடையது.
முதலையும் ஓரினும்கூட
இங்கே நான் வைத்த மாற்றுப் பெயர்கள்தான்,
முதலை வேறு ஏதோ மிருகம்.

சிக்னெ போனில் கேட்டாள்: "வாந்தி?"
"இல்லை. ஆனால் காரை எங்கே விட்டேன் என்று மறந்து
மூன்று தெரு நடந்தேன்."
"அது நல்ல மதிப்பெண்," என்றாள்.

வியாழன்தோறும் அவன் வருகிறான்.
வாளி அந்த மூலையிலேயே கவிழ்ந்திருக்கிறது.
கூட்டிப் பெருக்க வருகிறவரிடமும் சொல்லிவிட்டேன்:
சுற்றிப் பெருக்குங்கள்,
தூக்க வேண்டாம்.